மலிவு வில்லைகளும் முற்றத்துச் சிற்றுயிர்களும்: ஒரு வரலாற்று நோக்கு

மீலாத் மேடைகளிலும் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலும் வருடந்தோறும் நாம் கேட்கின்ற வாக்கியம் ஒன்றுண்டு. கமராவைக் கண்டுபிடித்தவர் ஒரு முஸ்லிம், அவர் பெயர் இப்னுல் ஹைதம் என்பதே அது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், கமரா என்ற சொல்லே அரபிலிருந்துதான் வந்தது என்றும் சொல்லிவிடுவார்கள். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் இரண்டுமே சரியல்ல. கமரா என்பது இலத்தீன் சொல். வளைந்த கூரையுள்ள அறை என்பது அதன் பொருள், அதற்கும் மூலம் கிரேக்கம். 'கமரா ஒப்ஸ்கியூரா' என்ற தொடரை 1604 இல் வழக்கிற்குக் கொண்டுவந்தவர் ஜேர்மானிய வானியலாளர் கெப்ளர். இப்னுல் ஹைதம் எழுதியது 'அல்பைத்துல் முழ்லிம்', அதாவது இருண்ட வீடு, என்றுதான். சிறு துவாரத்தினூடாக விம்பம் விழுவதும் அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் அறிந்திருந்த விடயமே.

இதைச் சொல்வது அந்தப் பெருமகனின் புகழைக் குறைப்பதற்காக அல்ல. அவர் உண்மையில் செய்ததை நாம் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். முற்றத்துச் செவ்வரத்தையில் ஊரும் எறும்பையும், கறிவேப்பிலையின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சியையும் மலிவான ஒரு பழைய வில்லையைக் கொண்டு பெரிதாகப் படம் பிடிக்கின்ற கலை இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. அந்தக் கலையின் முன்வரலாற்றைத் தேடிப் போனால் இப்னுல் ஹைதமும் அவர் வழிவந்தவர்களும் அங்கே நிற்கிறார்கள். ஆனால் மேடையில் நாம் நிறுத்திவைக்கும் இடத்தில் அல்ல.

கி.பி. 965 இல் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த அவர், 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூலை ஏழு பாகங்களாக எழுதினார். அதில் வரும் பரிசோதனைகளுள் ஒன்று மிக எளிமையானது. சில விளக்குகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒளி ஒரு துவாரத்தினூடாக இருட்டறைக்குள் விழச் செய்தார். உள்ளே சுவரில் விளக்குகளின் எண்ணிக்கைக்குச் சமமான ஒளிப்பொட்டுகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. மறைப்பை எடுத்தால் அது திரும்பி வந்தது. ஒரே துவாரத்தினூடாகச் சென்றும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை என்பதை அவர் இப்படி நிறுவினார். செலவு என்று பார்த்தால் சில விளக்குகளும் கொஞ்சம் எண்ணெயும்தான். நூலின் ஏழாம் பாகம் ஒளிமுறிவு பற்றியது. அடர்த்தி கூடிய ஊடகம் ஒன்றின் குவிந்த மேற்பரப்புக்குப் பின்னால் இருக்கும் பொருள் பெரிதாகத் தோன்றுவதை அவர் அங்கு ஆராய்கிறார். அவர் கண்ணாடி வில்லை செய்து விற்றவரல்லர். ஆயினும் உருப்பெருக்கத்தை வேடிக்கையாகப் பாராமல் ஒரு வினாவாகப் பார்த்தார்.

அந்த வினாவை இன்னொருவர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பாரசீகத்தில் கையிலெடுத்தார். கமாலுத்தீன் அல்பாரிஸி என்பது அவர் பெயர். நம் மேடைகளில் இவரை யாரும் சொல்லக் கேட்டதில்லை. குத்புத்தீன் ஷீராஸியின் மாணவரான இவர், வானவில் எப்படித் தோன்றுகிறது என்று அறிய விரும்பினார். மழைத்துளிக்குள் ஒளி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். துளியோ மிகச் சிறியது, நில்லாமல் விழுவது. ஆகவே அவர் ஒரு கண்ணாடிக் குண்டில் நீர் நிரப்பி, அதையே பெரிய மழைத்துளியாகப் பாவித்து, இருட்டறையில் ஒளியை அளவோடு விட்டுப் பார்த்தார். உட்புகும்போது ஒரு முறிவு, உள்ளே ஒரு தெறிப்பு, வெளியேறும்போது இன்னொரு முறிவு. முதல் வானவில் அவ்வாறு உண்டாகிறது. இரண்டு தெறிப்புகள் நேர்ந்தால் இரண்டாவது வில். அதே காலப்பகுதியில் ஜேர்மனியைச் சேர்ந்த தியோடொரிக் என்னும் துறவியும் இவரை அறியாமலே இதே முடிவுக்கு வந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எரிந்துபோன மின்குமிழின் உட்பாகத்தைக் கவனமாகக் கழற்றி, நீர் நிரப்பி, சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி, துண்டுப் படச்சுருளைச் சுவரில் 'படம் காட்டிய' தலைமுறை நம்முடையது. அந்த விளையாட்டுக்குள் இருந்தது அல்பாரிஸியின் குண்டுதான் என்று அப்போது எவரும் நமக்குச் சொல்லவில்லை. இன்று தோட்டப் படப்பிடிப்பாளர்கள் விரும்பி எடுக்கும் காட்சிகளுள் ஒன்று, புல்நுனியில் நிற்கும் பனித்துளிக்குள் பின்னாலுள்ள பூ முழுதாகத் தெரிவது. பூ தலைகீழாகத் தெரியும். துளி ஒரு கோள வில்லை என்பதால் அப்படி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக் கண்ணாடி வந்தது. அதன் பிறகு வில்லை அறிஞரின் அறையிலிருந்து கடைத்தெருவுக்கு இறங்கிவிட்டது. சிற்றுயிர்களின் உலகைத் திறந்தவர்களில் மிக முக்கியமானவர் கடைத்தெருவிலிருந்தே வந்தார். ஒல்லாந்தின் டெல்ப் நகரில் துணி வியாபாரம் செய்த அந்தோனி வான் லீவன்ஹூக் (1632 - 1723) பல்கலைக்கழகம் போனவரல்லர். இலத்தீனும் அறியார். துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க வியாபாரிகள் உருப்பெருக்கும் கண்ணாடி வைத்திருப்பது அக்கால வழக்கம். இலண்டனில் ரொபர்ட் ஹூக் 1665 இல் தெள்ளு, பேன், எறும்பு, பாசி ஆகியவற்றின் பெரிய சித்திரங்களோடு 'மைக்ரோகிராபியா' என்னும் நூலை வெளியிட்டார். கண்ணாடித் துண்டைச் சுவாலையில் இழுத்து நூலாக்கி, அந்நூலின் நுனியை மீண்டும் உருக்கினால் சிறு மணியாகத் திரளும், அதுவே நல்ல வில்லையாகும் என்ற செய்முறையையும் அதன் முன்னுரையில் எழுதிவைத்தார்.

லீவன்ஹூக் பயன்படுத்தியதும் இத்தகைய ஒற்றைச் சிறு வில்லைகளையே. இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மிளகளவும் இல்லாத வில்லை ஒன்று, பொருளைக் குத்திவைக்க ஓர் ஊசி, அதை நகர்த்தத் திருகாணி. இவ்வளவுதான் அவரது நுணுக்குக்காட்டி. அக்காலத்துக் கூட்டு நுணுக்குக்காட்டிகள் விலையுயர்ந்தவை, அழகானவை. ஆனால் பல வில்லைகள் சேரும்போது நிறச்சிதறலும் மங்கலும் சேர்ந்து பெருகின. ஒற்றை மணி அவற்றை வென்றது. இன்று எஞ்சியிருக்கும் அவரது கருவிகளுள் உட்ரெக்ட் நகரிலுள்ளது ஏறத்தாழ 266 மடங்கு பெருப்பித்துக் காட்டுவது. 1695 இல் தோட்டத்து மரங்களிலிருந்து அழுக்கணவன் பூச்சிகளை எடுத்து, முட்டையைத் தேடி அவற்றை அறுத்துப் பார்த்தபோது உள்ளே முழு உருவக் குஞ்சுகளைக் கண்டு திகைத்தார். ஆண் பூச்சியின்றியே அவை பெருகுகின்றன என்பதன் முதல் தடயம் அது. கத்தரிச் செடியில் அழுக்கணவன் பிடித்தால் ஒரு வாரத்தில் செடி முழுவதும் மூடிவிடுவது ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்லத்தக்க விடை அதற்குள் இருக்கிறது.

ஆனால் லீவன்ஹூக்குக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவர் கண்டதை மற்றவர் காண வழியில்லை. தாமே சித்திரம் வரையும் ஆற்றலும் அவருக்குப் போதாது, அதற்கு ஆள் வைத்தார். நீரில் நுண்ணுயிர்களைக் கண்டதாக அவர் எழுதியபோது இலண்டன் ரோயல் சங்கம் நம்பத் தயங்கிற்று. அவர் பாதிரிமார், நொத்தாரிசு போன்ற ஊர்ப் பிரமுகர்களை அழைத்து, வில்லையினூடாகப் பார்க்கவைத்து, சாட்சிக் கடிதம் வாங்கி 1677 இல் அனுப்பினார். அவ்வருட இறுதியில் ஹூக் தாமே செய்து பார்த்து உறுதிப்படுத்தியதும்தான் விடயம் முடிந்தது. சாட்சி வேண்டாத ஒரு சாட்சியம் அன்று தேவைப்பட்டது. அதற்கு இன்னும் நூற்றறுபது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

புகைப்படம் பகிரங்கமான 1839 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஹென்றி பொக்ஸ் டால்பட், சூரிய ஒளியால் இயங்கும் நுணுக்குக்காட்டியின் விம்பத்தைத் தாளில் பதிக்க முடியும் என்று அறிவித்தார். அவர் பதித்தவற்றுள் பூச்சிச் சிறகுகளும் உண்டு. வரைபவனின் கைத்தவறும் கற்பனையும் இல்லாத முதல் பதிவுகள் அவை. எனினும் அவை உயிரற்ற துண்டுகள்.

இந்தச் சிறியவற்றின் விவகாரம் ஐரோப்பியரின் பொழுதுபோக்கு மட்டுமே என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் முகத்தை மாற்றியதும் வில்லையின் கீழ் வந்த ஒரு துகள்தான். 1869 இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பெர்க்லி என்னும் பாதிரியார் அதுவரை அறியப்படாத பங்கசு அது என்று அதே ஆண்டில் தோட்டக்காரர்களுக்கான ஒரு பத்திரிகையில் எழுதினார். 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி அதன் வாழ்க்கையை ஆராய்ந்தவர் மார்ஷல் வோர்ட். அதற்குள் கோப்பி சரிந்து தேயிலை எழத் தொடங்கிவிட்டது. எஞ்சிய கோப்பிச் செடிகளைத் தாக்கிய பச்சைச் செதில் பூச்சியை 1889 இல் விவரித்துப் பெயரிட்டவர் ஏர்னஸ்ட் கிறீன். புண்டுலோயாவில் தோட்டம் செய்துகொண்டே பூச்சிகளை ஆராய்ந்த இவர், இலங்கைச் செதில் பூச்சிகள் பற்றிய தமது நூலை 1896 முதல் 1922 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டார். அதன் பூச்சிச் சித்திரங்கள் கையால் வரையப்பட்டவை. மலையகத்து இலட்சக்கணக்கான மனிதரின் தலைவிதியோடு தொடர்புபட்ட உயிர்கள், ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெளிவாகப் புலப்படாதவை.

உயிருள்ள பூச்சியைப் படச்சுருளில் பிடித்துப் பொதுமக்களுக்குக் காட்டியவர்களுள் பேர்சி ஸ்மித்தைத் தனியே குறிப்பிட வேண்டும். இவர் இலண்டனில் கல்விச் சபையில் ஒரு சாதாரண எழுதுவினைஞர். 1908 இல் இவர் எடுத்த படத்தில் நீல ஈ ஒன்று மல்லாந்த நிலையில் கால்களால் தக்கையையும் குச்சியையும் சுழற்றுகிறது. பார்த்தவர்கள் இது பொம்மை என்றார்கள், சித்திரவதை என்றார்கள். உண்மையில் ஈயை மெல்லக் கட்டிவைத்திருந்தார், பின் விடுவித்தார். 1910 இல் பூக்கள் விரிவதைச் சில விநாடிகளில் காட்டும் படத்தை எடுத்தார். மணிக்கூட்டுப் பொறி, வீட்டுச் சாமான்கள் ஆகியவற்றைக் கொண்டு தாமே கோத்த கருவிகளால் வீட்டிலேயே வேலை செய்தார். படச்சுருள் முடிந்தால் நள்ளிரவில் தம்மை எழுப்ப மணியொன்றையும் பொருத்தியிருந்தாராம். இப்படி ஒருவர் நம் வீட்டில் இருந்தால் வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பிரான்சின் ஹென்றி பாப்ர் (1823 - 1915) என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவர் மீது எனக்குத் தனிப் பற்றுண்டு. ஏழைக் குடும்பத்திற் பிறந்து, அவிஞோன் ஆசிரியர் கலாசாலையில் பயின்று, 1842 இல் கார்ப்பந்திராவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரானார். பூச்சிகள் பற்றிய நூலொன்றை வாங்க ஒரு மாதச் சம்பளத்தையே கொடுத்தார். 1879 இல்தான் செரிஞான் கிராமத்தில் சொந்தமாக ஒரு தரிசு நிலம் அவருக்குக் கிடைத்தது. விவசாயத்துக்கு உதவாத அந்தக் கல்லும் முள்ளும்தான் பத்துத் தொகுதிகளான அவரது பூச்சி நூலின் பெரும்பகுதிக்குக் களம். பின்னர் வந்த படங்களுடனான பதிப்புக்கு அவரது மகன் போல் ஹென்றி பூச்சிகளைப் புகைப்படமெடுத்துக் கொடுத்தார். வாசகருக்கு அங்கே தந்தையின் சொல்லும் மகனின் வில்லையும் ஒன்றாகக் கிடைத்தன.

இனிக் கருவியின் கதை. சிறியதைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கும்போது, கண் பார்ப்பதும் படச்சுருள் பார்ப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்கும் துளை தனியாக இருந்தால் எறும்பு சட்டகத்துக்கு வெளியே போய்விடும். வில்லையினூடாகவே பார்க்கும் 35 மில்லிமீற்றர் கமரா 1936 இல் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து 'எக்ஸக்டா' என்ற பெயரில் வந்தபோது இது தீர்ந்தது. 1955 இல் கில்பிட் நிறுவனத்தின் 'மக்ரோ கிலார்', நெருக்கப் படத்துக்கென்றே செய்த வில்லையாக வெளிவந்தது. 1956 இல் ஜப்பானின் நிக்கோன் 'மைக்ரோ நிக்கோர்' வில்லையை வெளியிட்டது. அது பூச்சிக்காகச் செய்யப்பட்டதல்ல. நூல்களையும் ஆவணங்களையும் நுண்படச்சுருளில் பதியும்போது ஆங்கில எழுத்துக்குப் போதுமான வில்லை, கோடுகள் நெருங்கிய ஜப்பானிய எழுத்துக்குப் போதவில்லை. தம் மொழியின் எழுத்துத் தெளிவாக வரவேண்டுமென்று செய்த வில்லை பின்னர் வண்டுக்கும் தும்பிக்கும் உதவிற்று.

இத்தகைய தனி வில்லைகள் விலை கூடியவை. சாதாரணர் வேறு வழிகள் கண்டனர். ஒன்று, வில்லைக்கும் கமராவுக்கும் இடையே வெற்றுக் குழாயைச் செருகுவது. அதற்குள் கண்ணாடியே இல்லை, காற்றுதான். 50 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லையை 50 மில்லிமீற்றர் முன்னே தள்ளினால் பொருளும் விம்பமும் ஒரே அளவாகிவிடும். ஆனால் ஒளி நான்கிலொன்றாகக் குறையும். இன்னொன்று, வில்லையைத் தலைகீழாகப் பூட்டுவது. கேட்பதற்கு விளையாட்டாக இருந்தாலும் இதற்கு நியாயம் உண்டு. சாதாரண வில்லை, தூரத்துப் பெரிய பொருளைப் பக்கத்துச் சிறு படச்சுருளில் விழுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. பொருளைவிட விம்பம் பெரிதாகும்போது தூரங்கள் இடம் மாறுகின்றன. வில்லையையும் திருப்பிவிட்டால் அது தனக்குப் பழக்கமான வேலையையே செய்கிறது. குவியத்தூரம் குறைந்த 28 மில்லிமீற்றர் வில்லையைத் திருப்பினால் உருப்பெருக்கம் இரண்டு மடங்கையும் தாண்டும். பூச்சிக்கு நான்கைந்து சென்ரிமீற்றர் அருகே போக வேண்டும் என்பதுதான் சிரமம். தெளிவாக விழும் ஆழமோ ஒரு மில்லிமீற்றரிலும் குறைவு. வளையத்தைத் திருகித் தெளிவு தேடுவதில் பயனில்லை. மூச்சை அடக்கி, உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. திருப்பிப் பூட்டிய வில்லைக்குக் கமராவோடு மின்தொடர்பு இராது. ஆகவே துவாரத்தைக் கையால் திருகும் வளையமுள்ள பழைய வில்லைகளே இதற்கு ஏற்றவை, விலை கூடிய புதியவை உதவா. சோவியத் நாட்டில் 'செனித்' கமராக்களோடு பெருந்தொகையாக வெளிவந்த 58 மில்லிமீற்றர் 'ஹீலியோஸ்' இதற்குப் பேர்போனது. இலக்கமுறைக் கமரா பரவியதும் படச்சுருள் காலத்து வில்லைகளை வைத்திருந்தவர்கள் அற்ப விலைக்குக் கைவிட்டார்கள். இருட்டறையில் படம் பெருப்பிக்கப் பயன்பட்ட வில்லைகளும் அவ்வாறே வந்து சேர்ந்தன. 2008 இல் ஆடியில்லாக் கமராக்கள் சந்தைக்கு வந்ததும் எந்தப் பழைய வில்லையையும் ஒரு சிறு வளையத்தைக் கொண்டு பூட்டலாம் என்றாயிற்று. 2014 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ் குழுவினர் மடித்த தாளால் ஒரு நுணுக்குக்காட்டி செய்தனர். உதிரிப்பாகச் செலவு ஒரு டொலருக்கும் குறைவு. அதன் உள்ளே இருப்பது லீவன்ஹூக் காலத்துக் கண்ணாடி மணியேதான்.

உயிருள்ளதன் உருவத்தைப் பதிக்கலாமா என்ற கேள்வி நம் ஊர்களில் அவ்வப்போது எழுவதுண்டு. எகிப்தின் பெரிய முப்தியாக 1914 முதல் பதவி வகித்த ஷெய்கு முஹம்மத் பகீத் அல்முதீஈ, புகைப்படம் என்பது உருவாக்குவதன்று, ஒளியால் விழும் நிழலைத் தடுத்து நிறுத்துவதே என்று வாதிட்டு, அதனை அனுமதித்துத் தனி நூலே எழுதினார். மறுத்த உலமாக்களும் உண்டு, இன்றும் இருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நான் இறங்கப்போவதில்லை. நிழல், ஒளி, துவாரம் என்று அவர் பேசிய மொழி, அதே கெய்ரோவில் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் இப்னுல் ஹைதம் பேசிய மொழி என்பது மட்டும் என் கவனத்தை ஈர்க்கிறது. எறும்பின் பெயராலும் தேனீயின் பெயராலும் சிலந்தியின் பெயராலும் சூறாக்கள் கொண்ட வேதத்தை ஓதும் சமூகம் நாம். ஆனால் எறும்பின் முகத்தை அருகிருந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

அமெரிக்காவின் ஒக்லஹோமாவைச் சேர்ந்த தோமஸ் ஷாஹான், தலைகீழாகப் பூட்டிய பழைய வில்லை, நீட்டும் குழாய், மின்வெட்டொளியை மென்மையாக்கும் கைச்செய்கை மறைப்பு ஆகியவற்றைக் கொண்டு தாவும் சிலந்திகளின் முகங்களை எடுத்து 2000களின் இறுதியில் புகழ்பெற்றார். அந்தச் சிலந்திக் குடும்பம் அயல்நாட்டு அபூர்வமன்று. நம் வீட்டுச் சுவரிலும் யன்னல் சட்டத்திலும் வலை பின்னாமல் துள்ளித் திரிவது அதுதான். எட்டுக் கண்களில் முன்னாலுள்ள பெரிய இரண்டும் குழாய் வடிவானவை. அவற்றின் வில்லை அசையாது, பின்னாலுள்ள விழித்திரையே அசைந்து அசைந்து காட்சியைத் துருவுகிறது. நாம் நெருங்கினால் மற்றப் பூச்சிகளைப் போல் அது உடனே ஓடாது. திரும்பி நின்று, தலையைச் சற்றுச் சரித்து, நம் வில்லையைப் பார்க்கும். படத்தை அப்போது எடுத்துவிட வேண்டும், அடுத்த துள்ளலில் அது சுவரின் மறுபக்கம் போய்விடும்.